தறவாடும் சம்பளமும்
மலையாளிகளின் மருமக்கத்தாயம் மறைந்த கதை

மருமகன் என்றால் நமக்கு யார்? மகளைக் கட்டியவர். தலைதீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டியவர். ஆனால் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்; தம் அக்காள் மகனையும் மருமகன் என்றுதான் சொல்வார். மலையாளத்தில் இந்த இரண்டாவது பொருள்தான் பழைய சட்டத்தின் முதற்பொருள். ஓர் ஆணின் சொத்து அவன் மகனுக்குப் போகாமல் அவன் சகோதரியின் மக்களுக்குப் போவது மருமக்கத்தாயம். மகனுக்கே போனால் அது மக்கத்தாயம். தாயம் என்ற சொல் நமக்கொன்றும் புதிதல்ல. தாயாதிச் சண்டை இல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா?

டில்லிக்கு வந்த நாளிலிருந்து மலையாளிகளும் நாமும் ஒரே பெயரில் அடைபட்டுக் கிடக்கிறோம். வடக்கத்தியாருக்கு எல்லோரும் ‘மதராஸி’. மயூர் விஹார் குருவாயூரப்பன் கோயிலில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். ஆனாலும் நம்மவர் நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியாவது மலையாளத்துச் ‘சம்பந்தம்’ என்ற வழக்கத்துக்கு வந்து, ஒரு கேலிச் சிரிப்போடு முடிவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு பெரிய சமுதாயம் பல நூற்றாண்டு வாழ்ந்த முறையை ஒரு சிரிப்பில் தள்ளிவிட முடியாது. அந்த முறை எப்படி இயங்கியது, அதை மாற்றியது யார், மாற்றியதால் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போயிற்று என்பதெல்லாம் நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான சங்கதி. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். தறவாடு என்பது கட்டடத்துக்கும் பெயர், குடும்பத்துக்கும் பெயர். வசதியான தறவாடு என்றால் நாலுகெட்டு. நடுவில் வானம் பார்த்த நடுமுற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டு. தெற்கில் இருப்பது தெக்கினி, வடக்கில் இருப்பது வடக்கினி. நெல் கிடக்கும் அறையும் பத்தாயமும் உள்ளே. இந்த வீட்டில் ஒரு மூத்த பாட்டி, அவளுடைய மகள்கள், மகன்கள், மகள்களின் பிள்ளைகள், பேத்திகளின் பிள்ளைகள் இருப்பார்கள். மகன்களின் பிள்ளைகள் மட்டும் இருக்க மாட்டார்கள். அவர்கள் தங்கள் தாயின் தறவாட்டில் வளர்வார்கள். ஆணாகப் பிறந்தவருள் வயதில் மூத்தவர் காரணவர். நிலம், நெல், வழக்கு, கல்யாணம் எல்லாம் அவர் கையில். இளையவர்கள் அனந்திரவர்கள். குடும்பம் பெருத்துக் கிளை பிரிந்தால் அந்தக் கிளைக்குத் தாவழி என்று பெயர். தாய்வழி என்பதுதான் அப்படித் தேய்ந்தது.

நம் வீட்டில் தாய்மாமன் சீர் கொண்டு வருபவர். காது குத்த மடி தருபவர். நாலு வார்த்தை கோபமாகப் பேசிவிட்டு ஊருக்குப் போய்விடுபவர். அங்கே தாய்மாமன்தான் சோறு போடுபவர், அதட்டுபவர், சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருப்பவர். தகப்பன் விருந்தாளி மாதிரி. திருச்சூர், வள்ளுவநாட்டுப் பக்கங்களில் கணவன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியின் தறவாட்டுக்கு வந்து விடியலில் தன் தறவாட்டுக்குத் திரும்பிவிடுவான். வட மலபாரில் வழக்கம் வேறு. அங்கே மனைவி கணவன் வீட்டுக்குப் போய் வாழ்வாள். அவன் இறந்தால் பிள்ளைகளோடு தன் தறவாட்டுக்குத் திரும்புவாள். அந்த வட மலபார்ப் பெண்கள் கோரப்புழை ஆற்றைத் தெற்கே தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஆகவே ‘மலையாளத்து வழக்கம்’ என்று ஒரே வாயால் சொல்லிவிடுவது சரியல்ல.

யாரெல்லாம் இந்த முறையில் இருந்தார்கள் என்பதும் நாம் நினைப்பதைவிட விரிவானது. நாயர்கள் மட்டும் என்று எண்ணுகிறோம். கோயில் பணி செய்த அம்பலவாசிகளில் பலர், அரச குடும்பங்கள், ஈழவர்களில் ஒரு பகுதியினர், கண்ணூர், தலைச்சேரிப் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள், லட்சத்தீவு மக்கள் என்று வரிசை நீளும். கண்ணூர் அறக்கல் அரச வம்சத்தில் ஆணோ பெண்ணோ மூத்தவர் பட்டத்துக்கு வருவார்; அறக்கல் பீவிகள் பலர் ஆண்டிருக்கிறார்கள். நம்பூதிரிகளோ மக்கத்தாயத்தார், பையனூர்க் கிராமத்து நம்பூதிரிகள் மட்டும் விதிவிலக்கு. சிரியன் கிறிஸ்தவர்களும் மக்கத்தாயமே. அந்த மக்கத்தாயத்தில் பெண்ணின் நிலை என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

அரண்மனையில் இந்த முறை எப்படி இருந்தது என்பது சுவையானது. திருவிதாங்கூரில் மகாராஜாவின் மனைவி ராணி ஆகமாட்டாள்! அவளுக்கு அம்மச்சி என்று பட்டம். ராணி என்பவள் மகாராஜாவின் சகோதரியோ, தாயோ, சகோதரி மகளோதான். மகாராஜாவின் சொந்தப் பிள்ளைகள் தம்பி, தங்கச்சி என்ற கௌரவப் பெயரோடு நின்றுவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முந்தைய மன்னரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் இதை ஒப்புக்கொள்ளாமல், மருமகனான மார்த்தாண்ட வர்மாவோடு மோதினார்கள். மார்த்தாண்ட வர்மா 1729இல் பட்டத்துக்கு வந்தார். தம்பிகள் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். சி.வி.ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவல் (1891) இந்தக் கதையைத்தான் பேசுகிறது. இன்னொரு வேடிக்கை. நம் பக்கத்து ராஜாக்கள் வாரிசு இல்லையென்றால் ஆண்பிள்ளையைத் தத்து எடுப்பார்கள். திருவிதாங்கூரில் பெண் இல்லையென்றால்தான் வம்சம் முடிந்தது என்று பொருள். 1900ஆம் ஆண்டு அப்படி இரண்டு பெண் குழந்தைகளைத் தத்து எடுத்தார்கள். இருவரும் ஓவியர் ராஜா ரவிவர்மாவின் பேத்திகள். மூத்தவர் சேது லட்சுமி பாய் 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். இளையவர் சேது பார்வதி பாயின் மகன்தான் 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்த சித்திரைத் திருநாள்.

இந்த முறை எப்போது தோன்றியது? கேரளோற்பத்தி என்ற பழைய நூல் எல்லாவற்றையும் போல இதையும் பரசுராமர் தலையில் கட்டுகிறது. 14ஆம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா, மலபார் அரசர்கள் தம் மகனை விட்டு சகோதரி மகனுக்கு அரசைக் கொடுப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். அப்போதே அது ஊன்றிய வழக்கம். வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை இதற்கு ஒரு காரணம் சொன்னார். 11ஆம் நூற்றாண்டில் சோழர்களுக்கும் சேரர்களுக்கும் நடந்த நெடும்போரில் ஆண்கள் களத்துக்குப் போய் மாண்டதால், வீடும் சொத்தும் பெண்வழிக்கு வந்துவிட்டன என்பது அவர் கருத்து. அதாவது, நம் ராஜராஜனும் ராஜேந்திரனும் செய்த வேலை! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எம்.ஜி.எஸ்.நாராயணன் போன்ற பின்வந்த அறிஞர்கள் அப்படியொரு தொடர்ச்சியான நூற்றாண்டுப் போர் நடந்ததையே ஏற்கவில்லை. நம் நாவலர் சோமசுந்தர பாரதியாரோ ‘சேரர் தாயமுறை’ என்று தனி நூலே எழுதி, சங்க காலச் சேரர்களே மருமக்கள் வழியினர் என்று வாதிட்டார். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் மன்னனின் தாயைக் குறிப்பிடுவது அவ்வாதத்துக்கு ஒரு முக்கியமான இடம். அதை மறுத்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் ஒரு போரோ ஒரு முனிவரோ இவ்வளவு பெரிய முறையை உண்டாக்கியிருக்க முடியாது. நிலம் பிரியாமல் இருக்க வேண்டும் என்ற தேவையும், வீட்டுக்கு வெளியே படைத்தொழில் செய்த ஆண்களும் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும்.

நிலம் பிரியாமல் காப்பதில் நம்பூதிரிகளும் சளைத்தவர்கள் அல்லர். இல்லத்தில் மூத்த மகன் மட்டும் தன் சாதியில் மணம் செய்வான். இளையவர்கள் நாயர், அம்பலவாசி வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லத்துச் சொத்தில் பங்கு கிடையாது. தாயின் தறவாடு பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டின் கொடுமை நாயர் வீட்டைவிட நம்பூதிரி இல்லத்தின் உள்ளேதான் அதிகம். மூத்த மகன் ஒருவனே மணந்தால், மற்றப் பெண்கள் என்ன ஆவது? பலர் கன்னியாகவே அந்தப்புரத்தில் முதிர்ந்தார்கள். சிலர் கிழவருக்கு மூன்றாவது நான்காவது மனைவியாகப் போனார்கள். வி.டி.பட்டதிரிப்பாடு 1929இல் எழுதிய ‘அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு’ என்ற நாடகம் இதைத்தான் மேடையில் போட்டு உடைத்தது.

நிற்க. தறவாட்டுப் பெண்ணின் நிலை என்ன? இதைப் பெண்ணாட்சி என்று புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையல்ல. சாவி காரணவரிடம். பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுவதும் அவரே, ஒத்துவராவிட்டால் முடிப்பதும் பெரும்பாலும் அவரே. பருவம் எய்துமுன் தாலிகெட்டுக் கல்யாணம் என்று ஒரு சடங்கு; தாலி கட்டியவனுக்கும் பின்னால் புடவை கொடுத்துச் சம்பந்தம் தொடங்குகிறவனுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அந்தச் சடங்குச் செலவில் கடனாளியான தறவாடுகள் பல. ஈழவர்களிடையே அதை நிறுத்தச் சொன்னவர் ஸ்ரீ நாராயண குரு.

ஆனால் பெண்ணாட்சி இல்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. அவள் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தாள். அந்த வீட்டில் அவளுக்குச் சோறும் இடமும் பிறப்பால் வந்தவை. கணவனால் வந்தவை அல்ல. கணவன் இறந்தால் அவள் தலையை மழிக்கவில்லை, வெள்ளைக்குள் ஒடுங்கவில்லை, மறுமணம் தடையில்லை. பெண் பிறந்தால் வம்சம் தழைத்தது என்று மகிழ்ந்தார்கள். வரதட்சணை என்ற பேச்சே நாயர் வீடுகளில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தமிழ் மேல்சாதி வீட்டுக் குழந்தை விதவையையும் அதே காலத்து நாயர்ப் பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கேலிச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். கேரளத்தில் பெண்கல்வி முந்தியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ராணி கௌரி பார்வதி பாயின் 1817ஆம் ஆண்டுக் கல்வி ஆணை, மிஷனரிகளின் பள்ளிகள் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. எல்லாப் புகழையும் தறவாட்டுக்கே கொடுத்துவிட வேண்டாம்.

இனிதான் கதையின் திருப்பம். மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆங்கிலக் கோர்ட்டுகள் வந்ததும் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வளைந்து கொடுத்துக்கொண்டிருந்த வழக்கம் கல்லில் பொறித்த சட்டமாக இறுகிற்று. காரணவரின் நிர்வாகம் அசைக்க முடியாதது ஆயிற்று. உறுப்பினர் எல்லோரும் சம்மதித்தால் ஒழியத் தறவாட்டைப் பாகம் பிரிக்க முடியாது என்றார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும் வீட்டில் எல்லோரும் எதற்குச் சம்மதித்தார்கள், இதற்குச் சம்மதிக்க? சம்பந்தம் சட்டப்படி விவாகமே அல்ல என்றும் தீர்ப்புகள் வந்தன. ஊரறியப் புடவை வாங்கி ஒருவனோடு நாற்பது வருடம் வாழ்ந்தவள், கோர்ட்டின் கண்ணில் மனைவி இல்லை.

இந்த இறுக்கத்தை முதலில் உணர்ந்தவன் யார்? ஊரை விட்டு வெளியே வேலைக்குப் போனவன்! சென்னைக்குப் போய்ப் படித்து, வக்கீலாகவோ முன்சீப்பாகவோ தாசில்தார் கச்சேரிக் குமாஸ்தாவாகவோ ஆனவன். அவனுக்கு மாதாமாதம் சம்பளம் வந்தது. அது தறவாட்டு நெல் அல்ல. தன் கையெழுத்துப் போட்டு வாங்கிய பணம். வெளியூரில் வாடகை வீடு எடுத்தால், இரவு மட்டும் மனைவி வீட்டுக்குப் போய்வருவது நடக்குமா? மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிறவன் அப்பன். காய்ச்சல் வந்தால் ராத்திரி விழித்திருக்கிறவனும் அவனே. ஆனால் உயில் எழுதாமல் அவன் செத்தால், சம்பளத்தில் சேர்த்த வீடும் ரொக்கமும் அவன் தறவாட்டுக்கே போகும். கூட வாழ்ந்தவளும் பிள்ளைகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மருமக்கத்தாயத்தைச் சீர்திருத்தவாதிகளின் பிரசங்கங்கள் அசைத்தன என்று புத்தகங்கள் சொல்லும். எனக்கென்னவோ, வெளியூர் வாடகை வீடுதான் அதன் அஸ்திவாரத்தைப் பெயர்த்தது என்றே தோன்றுகிறது.

ஒ.சந்து மேனோன் அப்படிப்பட்ட ஒரு முன்சீப். 1889இல் அவர் எழுதிய ‘இந்துலேகா’ மலையாளத்தின் முதல் பெருநாவல்களில் ஒன்று. கதாநாயகி இந்துலேகா ஆங்கிலம் படித்தவள், சமஸ்கிருதமும் சங்கீதமும் தெரிந்தவள். அவளைச் சம்பந்தம் கேட்டுச் சூரி நம்பூதிரிப்பாடு வருகிறார். காரணவர் பஞ்சு மேனோனுக்கு அதில் ஆசை. அவளோ மாதவனைத்தான் மணப்பேன் என்று நிற்கிறாள். மாதவன் யார்? சென்னையில் படித்து அங்கேயே சர்க்கார் உத்தியோகம் கிடைத்தவன்! படித்த பெண், சம்பளக்காரக் கணவன், சென்னையில் தனி வீடு என்ற புதுக் கனவு முழுவதும் அந்த நாவலில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1890இல், சென்னைச் சட்டசபையில் சி.சங்கரன் நாயர் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஜாலியன்வாலாபாக் படுகொலையை அடுத்து 1919இல் வைசிராயின் நிர்வாக சபையிலிருந்து ராஜினாமா செய்தாரே, அதே சங்கரன் நாயர்தான். மசோதாவை ஆராய 1891இல் மலபார் விவாகக் கமிஷன் அமைந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர்: சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் டி.முத்துசாமி ஐயர். தெருவிளக்கில் படித்தவர் என்று நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்வோமே, அவர்தான். சந்து மேனோனும் அதில் உறுப்பினர். இங்கேதான் ஓர் அழகு. புதுக் கனவை நாவலாக எழுதிய அதே சந்து மேனோன், கமிஷனில் பெரும்பான்மையோடு மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். சம்பந்தம் ஏற்கெனவே விவாகம்தான். அது விவாகமல்ல என்று கோர்ட்டுகள் சொல்வதுதான் தவறு என்பது அவர் கட்சி. தம் தாயையும் பாட்டியையும் சட்டம் தாலியற்றவர்களாக ஆக்குவதை அவரால் ஏற்க முடியவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

1896இல் மலபார் விவாகச் சட்டம் வந்தது. விரும்புவோர் சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். செய்தால் மனைவி மக்களுக்கு உரிமை. மிகச் சிலரே பதிந்தார்கள். பதியப் போனால் இத்தனை நாள் இருந்தது விவாகம் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? காரணவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். 1898இல் உயில் சட்டம் வந்தது. இதற்குத் தேவை இருந்தது. சம்பாதித்தவர்கள் மனைவி மக்களுக்கு எழுதி வைக்க வழி பிறந்தது.

திருவிதாங்கூர் படிப்படியாகப் போயிற்று. 1912ஆம் ஆண்டுச் சட்டம் சம்பந்தத்தை விவாகமாக ஏற்றது. ஒருவன் தானே சம்பாதித்ததில் பாதி மனைவி மக்களுக்கு, பாதி மருமக்களுக்கு என்றது. சாலமோன் ராஜா குழந்தையைப் பாதியாக வெட்டச் சொன்ன கதை மாதிரி, இரு பக்கமும் மனக்குறை. 1914இல் மன்னத்து பத்மநாபன் நாயர் சர்வீஸ் சொசைட்டியைத் தொடங்கியபின் பாகப்பிரிவினைக் கோரிக்கை வலுத்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் தலைக்கு ஒரு பங்கு என்று தறவாட்டைப் பிரித்துக்கொள்ள வழி திறந்தது. அவ்வளவுதான், அணை உடைந்தது. ஈழவர்களுக்கும் அந்த ஆண்டே தனிச் சட்டம். கொச்சியில் 1920லும் 1938லும். மலபாருக்கு 1933இல் சென்னை மருமக்கத்தாயச் சட்டம்.

இந்த இடத்தில் நம் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். மருமக்கத்தாயம் மலையாளம் பேசியவர்களோடு நிற்கவில்லை. அன்று திருவிதாங்கூரில் இருந்த நாஞ்சில் நாட்டில், தமிழ் பேசும் வேளாளர்கள் இதே வழியில் இருந்தார்கள். மகனுக்கு ‘உகந்துடைமை’ என்று ஒரு பங்கு, மனைவிக்கு ‘நங்குடைமை’ என்று ஒரு ஜீவனாம்சம், மீதி மருமக்களுக்கு. மலையாள முறையில் பெண் தன் வீட்டிலேயே இருந்தாள். நாஞ்சில் நாட்டிலோ அவள் தமிழ் வழக்கப்படி கணவன் வீட்டுக்குப் போனாள். சொத்து மட்டும் மலையாள வழக்கப்படி மருமகனுக்குப் போயிற்று. கணவன் கண்ணை மூடியதும் மருமகன் வந்து வாசலில் நிற்பான். இரண்டு முறைகளிலும் உள்ள கெடுதல் அவளுக்கு; நல்லது ஒன்றும் இல்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ பாடியது இதை வைத்துத்தான். ஐந்து கல்யாணம் செய்த காரணவரின் ஐந்தாம் மனைவி தன் வாயால் சொல்வதாக வரும் அந்த நூலில் சிரிப்பு ஒரு வரி, கண்ணீர் ஒரு வரி. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியதில் அந்தப் பாட்டுக்கும் பங்குண்டு என்பார்கள். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அந்த வழக்கம் பழங்கதை.

சட்டங்கள் வந்தன, ஆண் தகப்பன் ஆனான். தன் பிள்ளைக்குத் தன் உழைப்பு போய்ச் சேரும் என்ற நிம்மதி அவனுக்குக் கிடைத்தது. அது சாதாரண விஷயம் இல்லை. பெண்ணுக்கும் பங்கு வந்தது. காகிதத்தில் அவள் பெயரில் நிலம். ஆனால் பத்துப் பேர் தலைக்குத் தலை பிரித்துக்கொண்ட நாலுகெட்டில் அவள் போய் நிற்க ஓர் அறை இல்லாமல் போயிற்று. நிலத்தை நிர்வகிக்க அவளுக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. கணவனோ சகோதரனோ விற்றுச் செலவழித்தார்கள். அவள் கணவன் வீட்டுக்குப் போனாள். பிறகு, முன்பு அவள் வீட்டில் கேட்டறியாத வரதட்சணையும் மெல்ல மெல்ல வந்தது.

எம்.டி.வாசுதேவன் நாயரின் ‘நாலுகெட்டு’ (1958) படித்தவர்கள் நம்மிலும் இருப்பார்கள். தன் விருப்பப்படி மணந்ததால் தறவாட்டிலிருந்து விலக்கப்பட்டவளின் மகன் அப்புண்ணி. வெளியூரில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பி, அந்த நாலுகெட்டையே விலைக்கு வாங்குகிறான். அதை இடித்துக் காற்றும் வெளிச்சமும் வரும் சின்ன வீடு கட்டப்போவதாகச் சொல்வதோடு நாவல் முடிகிறது. வெளியூர்ச் சம்பளம் மறுபடியும்! அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ (1981) அதன் மறுபக்கம். தறவாட்டின் கடைசி ஆண் உண்ணிக்கு ஒரு வேலையும் செய்யத் தெரியாது. கல்யாணமாகாத சகோதரி ராஜம்மா அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டே தேய்ந்து போகிறாள். கல்யாணமான அக்காள் பங்கு கேட்டு வருகிறாள். ஞாயிறு மதியம் தூர்தர்ஷன் மாநில மொழிப் படங்கள் போட்ட காலத்தில், இந்த மாதிரிப் படங்களின் முன் பொறுமையிழந்து எழுந்து போனவர்கள் நம்மில் பலர்.

மக்கத்தாயத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் தனியாளாக உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல்தான் சம உரிமை பெற்றார். நம் வீட்டுக் கணக்கும் பெரிதாகப் பெருமைப்பட இல்லை. பிதுரார்ஜிதக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு என்று தமிழ்நாடு சொன்னது 1989இல். நாடு முழுவதற்கும் 2005இல். அப்போதும் கல்யாணமான மகள் பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைபடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்களை நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே நான் அறிவேன்.

கேரளம் கடைசிக் கதவையும் மூடியது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்து, 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றோடு தறவாட்டில் பிறந்ததனாலேயே உரிமை என்பது இல்லை. மக்கத்தாயத்துக் கூட்டுக் குடும்பமும் சேர்ந்தே போயிற்று.

ஆனால் ஓரிடத்தில் அது உயிரோடு இருக்கிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. 1991இல் சித்திரைத் திருநாள் மறைந்ததும் குடும்பத் தலைமை அவர் தம்பி உத்திராடம் திருநாளுக்குப் போயிற்று. அவர் 2013இல் மறைந்தபோது அது அவருடைய மகனுக்குப் போகவில்லை. சகோதரியின் மகன் மூலம் திருநாள் ராமவர்மாவுக்கு வந்தது.

இன்னோர் இடம், இனிஷியல். நமக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயர். டில்லியில் பள்ளி விண்ணப்பமோ ரேஷன் கார்டு விண்ணப்பமோ, ‘பிதா கா நாம்’ என்று கேட்டால் யோசிக்காமல் எழுதிவிடுவோம். பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனோனின் ‘வி’ அவர் தகப்பனாரின் கோமத்து வீட்டைக் குறிக்கவில்லை. தாயின் வெங்ஙாலில் தறவாட்டைக் குறிக்கிறது. எம்.டி.யின் ‘எம்.டி.’ அவர் தாயின் மாடத்து தெக்கேப்பாட்டு. நம்பூதிரியான ஈ.எம்.எஸ்.ஸின் ‘ஈ.எம்.’ தகப்பன் வழி ஏலங்குளம் மனை. மூன்று பேருக்கும் இனிஷியல் வீட்டுப் பெயர்தான்; யாருடைய வீடு என்பதில்தான் வித்தியாசம். இப்போது இங்கே பிறந்த மலையாளிக் குழந்தைகளின் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் அப்பாவின் பெயரோ அவருடைய சாதிப் பட்டமோதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் தறவாட்டுப் பெயர் என்னவென்று கேட்டால், ஊருக்கு ஃபோன் போட்டு அம்மும்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள்.